ரங்கூனில் பெரிய மீன்களுக்குப் பெல்லட்: சில வருட அனுபவம்

வீட்டில் ஆறடித் தொட்டியில் ஒரு வெள்ளி அரோவானாவும் இரண்டு ஆஸ்கரும் இருக்கின்றன, பக்கத்தில் மூடி போட்ட தொட்டியில் ஒரு விரால். சில வருடங்களாக இவற்றுக்கு முக்கியச் சாப்பாடு பெல்லட் என்கிற உருண்டைத் தீனிதான். ரங்கூனில் எந்தப் பெல்லட் நல்லது என்று கேட்பவர்களிடம் கம்பெனிப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் "பையை எப்போ பிரிச்சாங்க?" என்றுதான் நான் கேட்பேன். இந்த ஊர் வெக்கையிலும் மழையிலும் கடையில் கிடந்து பழசாகிப்போன ஒசத்திச் சரக்கைவிட, புதுசாக இருக்கிற நடுத்தரச் சரக்கே மேல்.

பெரிய மீன் என்றால் உயிர் மீன்தான் போடணும் என்று இன்னும் பிடிவாதமாக இருப்பவர்கள் உண்டு. வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தீனிக்கு வாங்கும் கோல்ட்ஃபிஷ் குஞ்சுகளில் தயாமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், மாதக்கணக்கில் அதையே போட்டால் மீனுக்குச் சத்துக்குறைவு வரும். குளத்து மீனைப் போட்டால் கூடவே மீன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணியும் இலவசமாக வரும். மாட்டு இதயம் வெட்டிப் போடுவதும் அப்படித்தான், பாலூட்டிக் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது, கடைசியில் ஈரலில் போய்ப் படியும்.

சரி, பெல்லட்டுக்கு வருவோம். பையின் முன்பக்கம் இருக்கும் மீன் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களைப் பொதுவாக எடை வரிசையில்தான் போடுவார்கள். முதலில் மீன் தூள், முழு மீன், இறால், இறால் மாதிரி இருக்கும் கிரில், கணவாய் இப்படி ஏதாவது இருக்கணும். கோதுமை மாவைக் கண்டதும் பயப்பட வேண்டாம், மாவுச்சத்து இல்லாமல் உருண்டை பிடிக்காது, மிதக்கும் பெல்லட் உப்பி வருவதற்கும் அது வேண்டும். ஆனால் கோதுமை, சோளம், சோயா என்று தனித்தனியாக எழுதி ஒவ்வொன்றையும் மீனுக்கு அடுத்தடுத்து வைத்திருந்தால், மூன்றையும் கூட்டினால் மீனைத் தாண்டிவிடும், அதைக் கவனிக்கணும்.

அப்புறம் புரதக் கணக்கு. கடைக்கார அண்ணன் ஒருவர் "தம்பி, இது 50 பர்சென்ட் புரோட்டீன், கண்ண மூடிட்டு வாங்கு" என்றார். "எதுல இருந்து வந்த புரோட்டீன் அண்ணே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீ சொன்னார். பையில் போட்டிருக்கும் புரத அளவு பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கி வருகிற எண். அந்த நைட்ரஜன் மீனிலிருந்து வந்ததா, கோழி இறகுத் தூளிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. வளர்ந்த மீனுக்கு நல்ல மீன் தூளிலிருந்து வரும் 40, 45 சதவீதமே தாராளம். அதற்கு மேல் போகிறது பெரும்பாலும் அமோனியாவாகத்தான் தண்ணீருக்கு வரும், பிறகு வாளி தூக்கப் போவது நாம்தான். சாம்பல் சதவீதத்தையும் (தீனியை எரித்தால் மிஞ்சும் தாதுக்களின் அளவு) ஒரு கண் பார்ப்பேன். அது மிக அதிகமென்றால் சதையைவிட எலும்பும் முள்ளும்தான் நிறைய அரைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிறம் கூட்டும் பெல்லட் என்று தனி விலையில் விற்பது பெரும்பாலும் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி சேர்த்தது. ஆஸ்கரின் சிவப்புக்கு அது வேலை செய்கிறது, கண்ணால் பார்க்கிறேன். வெள்ளி அரோவானாவுக்கு அதை வாங்குவது வீண் செலவு.

எங்கள் ஊரில் பெரிய தலைவலி பிரித்து விற்கும் சரக்கு. பெரிய மூட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு கால் வீசை, அரை வீசை என்று கண்ணாடிப் பையில் கட்டித் தருவார்கள். விலை மலிவு, எங்கள் ஊர்ப் பணமான கியாட் போகிற போக்கில் அந்தப் பக்கம் கை நீளத்தான் செய்யும். ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் வைட்டமின் சி முதலில் போய்விடும், மீன் எண்ணெய் அடுத்து கெடும். மழைக்காலத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும், பூஞ்சை விடும் அஃப்லாடாக்சின் மீனின் ஈரலுக்கு விஷம். கண்ணுக்குப் பூஞ்சை தெரியாவிட்டாலும் மூக்கை நம்பலாம். நல்ல பெல்லட் புதுக் கருவாடு மாதிரி மணக்கும். சிக்கு வாடை அடித்தால், எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் கீழே வைத்துவிடுங்கள்.

தேதி பார்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே வரும் சரக்கில் நிறைய தாய்லாந்து வழியாக வருகிறது, சில பைகளில் புத்த வருடம்தான் அச்சாகியிருக்கும். 2568 என்றால் 543-ஐக் கழித்து 2025. வெறும் 68 என்று மட்டும் போட்டிருந்தாலும் அதே கணக்கு. இது தெரியாமல், 68 என்றால் 2068 என்று நினைத்து, இன்னும் நாற்பது வருடம் கெடாது என்று ஒருவர் சந்தோஷமாக வாங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

அரோவானாவுக்கு நான் அதிகம் போட்டது ஹிக்காரி கம்பெனியின் ஃபுட் ஸ்டிக்ஸ். மிதக்கும், அரோவானா மேல்மட்டத்தில் தின்னும் மீன் என்பதால் அதுதான் வசதி. கீழே விழுந்ததை அது பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே கம்பெனியின் மாஸிவோர் மூழ்கும் ரகம், அடியில் மேயும் கெளுத்தி வகைகளுக்கு அருமை, அரோவானாவுக்கு ஏற்றதில்லை. ஆஸ்கர்கள் எதையும் தின்னும், ஆனால் சின்ன உருண்டையைப் போட்டால் மென்று பாதியைச் செவுள் வழியாகத் தூளாக வெளியே விடும், ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொள்ளும். வாயில் முழுதாகப் போகிற பெரிய அளவு வாங்கியபின் தண்ணீர் கலங்குவது வெகுவாகக் குறைந்தது.

விரால் பண்ணைத் தீவனத்தையும் ஓட்டிப் பார்த்தேன். கேவலம் என்று சொல்ல மாட்டேன், விரால் நன்றாகவே தின்றது. ஆனால் அது சந்தைக்குச் சீக்கிரம் எடை ஏற்றச் செய்த சரக்கு, நாம் பல வருடம் வைத்துக்கொள்ளப்போகிற மீனுக்கு அதுவே முழுச் சாப்பாடாகக் கூடாது. ஆஸ்கருக்கு வயிறு உப்பிக்கொண்டு வந்தது, நிறுத்திவிட்டேன்.

வாங்கி வந்ததும் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இறுக்க மூடும் டப்பாவில் வெளியே வைப்பேன், மிச்சத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி ஃப்ரீசரில். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொட்டலத்தை உடனே பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே தண்ணீராகப் பிடித்துக்கொள்ளும். பெரிய பை கணக்குப் போட்டால் லாபம்தான், ஆனாலும் இரண்டு மூன்று மாதத்தில் தீராது என்றால் சின்னப் பையே வாங்குங்கள்.

கரண்ட் விஷயம் இங்கே சாப்பாட்டோடு ஒட்டியது. வயிறு நிறைந்த மீனுக்குச் செரிக்க அதிக ஆக்சிஜன் வேண்டும், கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்று அதுதான் குறையும். அதனால் மின்சாரம் வருகிற முறை தொடங்கியதும் போட்டுவிடுவேன், போகப்போகிற நேரத்தில் ஒரு உருண்டைகூடக் கிடையாது. பேட்டரி ஏர் பம்ப் இல்லாத நாளில் முழுப் பட்டினிதான். வளர்ந்த மீன் ஒன்றிரண்டு நாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

பெல்லட்டுக்குப் பழக்குவதில் ஆஸ்கர் சுலபம், அரோவானா ஆஸ்கர்களைப் பார்த்துப் போட்டிக்குத் தின்ன ஆரம்பித்தது. காட்டில் அது வண்டும் சிலந்தியும் எட்டிப் பிடித்துத் தின்கிற மீன் என்பதால் வாரம் ஒருமுறை மருந்து அடிக்காத வெட்டுக்கிளி கிடைத்தால் போடுகிறேன். விரால்தான் ரொம்பப் படுத்தியது. தனித் தொட்டி, போட்டிக்கு ஆள் இல்லை. இரண்டு நாள் பட்டினி போட்டு, உரித்த இறாலின் சாறில் ஊறவைத்த பெல்லட்டை இறால் துண்டுகளோடு கலந்து கொடுத்து, மெல்ல மெல்ல இறாலைக் குறைத்தேன். இப்போதும் வெறும் பெல்லட்டைப் போட்டால் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்கிறது.