டேப்லெட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: லிம்போவா, டெர்மக்ஸா?

போன வருடம் லேப்டாப் மதர்போர்டோடு போய்ச் சேர்ந்தது. கையில் மிஞ்சியது 8 ஜிபி ராம் உள்ள ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட், ஒரு புளூடூத் கீபோர்டு, அப்புறம் அப்பா டிடிபி கடை வைத்திருந்த காலத்தில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் என்ற விண்டோஸ் மென்பொருளில் செய்த ஃபைல்கள் நானூறு சொச்சம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே யூனிகோடுக்கு முந்தைய ஃபான்டில். "அண்ணே, அக்கா பத்திரிகை டிசைன் இருக்கா?" என்று இன்னமும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த ஃபைல்களைத் திறக்க டேப்லெட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரை ஓட்டலாமா என்று பார்த்தேன். லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் எல்லாம் ஆண்ட்ராய்டுக்கு வருவதில்லை. தேடியதில் என் டேப்லெட்டுக்குத் தேறியவை இரண்டு. ஒன்று, முழுக் கம்ப்யூட்டரையே நடித்துக் காட்டும் லிம்போ. இன்னொன்று, கட்டளை அடித்து வேலை வாங்கும் டெர்மக்ஸ் ஆப்பில் ப்ரூட் என்ற கருவி வழியாக டெபியன் என்ற லினக்ஸ். இரண்டையும் சில மாதங்கள் ஓட்டிவிட்டு டெர்மக்ஸில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

லிம்போவுக்குள் இருப்பது க்யூஎமு என்ற எமுலேட்டர், அதாவது இன்னொரு கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள். டேப்லெட்டில் இருப்பது ஆர்ம் சிப். விண்டோஸ் எக்ஸ்பி எதிர்பார்ப்பது இன்டெல் வகை சிப். அதனால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துக்கொண்டே ஓட வேண்டும். வேகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடையின் பழைய சிடியிலிருந்து எடுத்த ஐஎஸ்ஓவை (சிடியின் முழுப் பிரதி ஃபைல்) போட்டு இன்ஸ்டாலேஷனை ராத்திரி தொடங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ரீஜனல் செட்டிங்ஸ் பக்கத்தில் 'நெக்ஸ்ட்' அமுக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தது. ஆனால் பேஜ்மேக்கர் 7 திறந்து, அப்பா செய்த பத்திரிகை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வந்தபோது அந்த மந்தத்தையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாமல் போனது வட்டு ஃபைலை. முடிவை மாற்றியது இந்த ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லிம்போ மாதிரி முழு எமுலேட்டரில் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், ஃபான்ட், ஃபைல் எல்லாமே க்யூகவ்2 வகையைச் சேர்ந்த ஒரே பெரிய வட்டு ஃபைலுக்குள் அடைந்திருக்கும். உள்ளே எழுத எழுத அது வளரும். உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது. எக்ஸ்பி தன் கணக்கில் 3 ஜிபி என்று காட்டும்போது வெளியே அந்த ஃபைல் 6 ஜிபி தாண்டியிருந்தது. பேக்கப் எடுக்கலாம் என்று பென்டிரைவைச் செருகினால் காப்பி ஆகவில்லை. பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆனது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் போகாது. சுருக்க வேண்டுமென்றால் உள்ளே காலி இடத்தையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பி, வெளியே க்யூஎமுவின் இமேஜ் கருவியால் மாற்றி எழுத வேண்டும். அந்தக் கருவி எனக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? டெர்மக்ஸ்!

அதைவிட மோசம், ஒரு நாள் எக்ஸ்பி ஏதோ எழுதிக்கொண்டிருக்கும்போது வீடியோ கால் வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் டேப்லெட்டின் பேட்டரி சேமிப்பு லிம்போவைக் கொன்றுவிட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியது போலத்தான். அடுத்த முறை எக்ஸ்பி பூட் ஆகவில்லை. ஒரு ஃபைலில் பழுது என்றால் எல்லாவற்றிலும் பழுது. இரண்டு வாரத்துக்கு முந்தைய பிரதி இருந்ததால் தப்பித்தேன்.

டெர்மக்ஸ் ப்ரூட்டில் இந்த அடைசலே கிடையாது. கறாராகப் பார்த்தால் அது விர்ச்சுவல் மெஷினே இல்லை. தனி கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, கிடையாது. ஆண்ட்ராய்டின் கெர்னல் மேலேயே டெபியன் ஓடுகிறது. டேப்லெட்டின் முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ரூட் அனுமதி தேவையில்லை. மொழிபெயர்ப்பு வேலை இல்லாததால் லிப்ரேஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருள் சட்டென்று திறக்கிறது. ஃபைல்கள் சாதாரண ஃபைல்களாகவே இருக்கின்றன: டேப்லெட்டின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை உள்ளிருந்தே திறக்கலாம், அழித்தால் இடம் உடனே திரும்பி வரும். மொத்த டெபியனையும் ஒரே கட்டளையில் டார் என்ற தொகுப்பு ஃபைலாகப் பேக்கப் எடுக்கலாம். ஆண்ட்ராய்டு இதையும் கொல்லும்தான். ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப்கள் தொடங்கிவைக்கும் துணை புராசஸ்களுக்கு 32 என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆனால் போவது அப்போது சேமிக்காத பக்கம் மட்டும்.

குறைகளும் உண்டு. பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஓடாது, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் ஓடாது. டெர்மக்ஸை எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியத்திலிருந்து போட்டுக்கொள்வது நல்லது. ஐகான், மவுஸ் எல்லாம் தெரியும் படத்திரைக்கு டெர்மக்ஸ் எக்ஸ்11 என்ற ஆப் தனியாக வேண்டும். முதல் நாள் கொஞ்சம் கண்ணைக் கட்டும்.

சரி, பேஜ்மேக்கர்? லிப்ரேஆபிஸ் 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கிறது. இது தெரியாமல்தான் அத்தனை நாள் லிம்போவோடு மல்லுக்கட்டினேன். பழைய ஃபான்டுகளை டெபியனில் போட்டதும் பெரும்பாலான பத்திரிகைகள் படிக்கும்படி வந்துவிட்டன. ஓரங்கள் நகரும், பூ பார்டர் சில நேரம் தொலையும், சில எழுத்துகளும் காணாமல் போகும்.

ஐபேடுக்காரர்களுக்கு 2024 ஜூலை முதல் ஆப் ஸ்டோரிலேயே யுடிஎம் எஸ்இ என்ற எமுலேட்டர் கிடைக்கிறது. தம்பியின் ஐபேடில் ஒரு மாலை மட்டும்தான் பார்த்தேன். மொழிபெயர்ப்பை வேகப்படுத்தும் ஜிட் வசதியை ஆப்பிள் அனுமதிக்காததால் வேகம் அடி வாங்குகிறது; அந்த மாலையை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பிக்சல் ஃபோன்களில் 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் டெர்மினல் அசல் விர்ச்சுவல் மெஷினிலேயே டெபியனை ஓட்டுகிறது. நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் அதுவும் ஆர்ம்தான், எக்ஸ்பி அதில் நேரடியாக ஓடாது.

லிம்போவை இன்னும் அழிக்கவில்லை. போன வாரம் ஒரு காதணி விழாப் பத்திரிகை லிப்ரேஆபிஸில் அழகாகத் திறந்தது, குழந்தையின் பெயரில் 'ஸ்ரீ' மட்டும் இல்லை. லிம்போவைத் தட்டிவிட்டு டீ போடப் போனேன். குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் ஸ்டார்ட் பட்டன் வந்துகொண்டிருந்தது.