கார்ட்ரிட்ஜ், டபுள் எட்ஜ், சவரக்கத்தி: ஷேவ் எங்கே கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷேவ் முடித்த கையோடு கன்னத்தைத் தடவிப் பார்த்து மார்க் போட்டால், பல பிளேடுகள் பதித்த தலையை மாட்டும் கார்ட்ரிட்ஜ் ரேசர்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். வழவழவென்று இருக்கும், ரத்தம் இருக்காது, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அதே முகத்தை மூன்றாம் நாள் பார்த்தால் தீர்ப்பு மாறலாம். இருபுறமும் கூரான ஒற்றை பிளேடு மாட்டும் டபுள் எட்ஜும், சவரக்கத்தியும் செய்த தப்பை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கும். கார்ட்ரிட்ஜ் தள்ளிப்போடும். அதனால் இவற்றை ஒப்பிடும்போது எது நன்றாக வழிக்கிறது என்பதைவிட, எது எப்போது, எந்த இடத்தில் கெடுக்கிறது என்று பார்ப்பதே உபயோகம்.

அதற்கு முன் ரேசர் மீது பழி போடலாமா என்று பார்த்துவிட வேண்டும். வெந்நீர் பட்டாலே தோல் கொஞ்சம் சிவக்கும். சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிடும். பிளேடு கிளப்பிய சிவப்பு அப்படி அடங்காது. தொட்டால் சூடு தெரியும், காலர் உரசினால் எரியும். இன்னொன்று, நுரை பட்டு பிளேடு படாத இடங்களைக் கவனியுங்கள்: கன்ன எலும்பின் மேல்பகுதி, காதுமடலுக்குக் கீழே. அங்கேயும் சிவந்து அரித்தால் சந்தேகம் சோப்பு, கிரீம், அதில் போட்ட வாசனை மீதுதான் விழ வேண்டும். ரேசரை மாற்றிப் பயனில்லை.

டபுள் எட்ஜ்

1904-ல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வாரிசு இது. ஒரே ஒரு விளிம்புதான் தோலைத் தொடுகிறது. கோணத்தை நிர்ணயிப்பது உங்கள் மணிக்கட்டு. கெடுவதும் அங்கேதான்.

தலைப்பகுதியின் மேல்மூடியைக் கன்னத்தில் படியவைத்து, கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். இந்த நிலையில் இழுத்தால் ஒன்றும் வெட்டாது. கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் 'சரக் சரக்' என்று முடி அறுபடும் சத்தம் கேட்கும். பிளேடுக்கும் தோலுக்கும் இடையே ஏறக்குறைய 30 டிகிரி. அதற்கு மேல் தாழ்த்தினால் வெட்டுவது நின்று சுரண்டல் ஆரம்பிக்கும். அப்படிச் சுரண்டிய ஷேவை அலசிய பிளேடில் கண்டுபிடிக்கலாம்: முடித்தூளோடு வெள்ளையாகத் தோல் செதிலும் ஒட்டியிருக்கும்.

ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளிகள் கூட்டமாக, பெரும்பாலும் கழுத்தில் வந்தால், முடி முளைக்கும் துளையைச் சுற்றிய சிறு மேட்டை பிளேடு சீவியிருக்கிறது. அழுத்தியதாலோ முடியின் போக்குக்கு எதிராக அவசரப்பட்டு ஏற்றியதாலோ வருவது. கோடாக நீண்ட வெட்டு வந்திருந்தால் பிளேடு பக்கவாட்டில் வழுக்கியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அதாவது ரேசரின் எடையே போதும். இரண்டாவதற்கு இழுப்பைக் குட்டையாக்க வேண்டும், இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

ரேசரின் ஒரு பக்கம் மட்டும் கடிக்கிறதா? பிளேடு சாய்ந்து மாட்டியிருக்கிறது. குறுகிய முனைகள் இரண்டையும் விரலால் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகி, இருபுறமும் விளிம்பு ஒரே அளவு எட்டிப் பார்க்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும். பிளேடு மழுங்கியதை முதலில் சொல்வது மோவாயும் மேலுதடும். அங்கே முடியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பொதுவாக ஒரு பிளேடு நாலைந்து ஷேவுக்கு வரும், முரட்டுத் தாடிக்கு இரண்டு மூன்றுதான்.

படிகாரக் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. குளிர்ந்த நீரில் முகத்தை அலசியபின் கட்டியை நனைத்து முகம் முழுக்க ஒரு சுற்றுத் தேய்த்தால், எங்கே சுரீர் என்கிறதோ அங்கே தோல் உரிந்திருக்கிறது. கண்ணாடியில் எதுவும் தெரியாத இடத்திலும் இது காட்டிக்கொடுக்கும். தாடைக்கோணத்திலும் குரல்வளை மேட்டிலும் ஒவ்வொரு முறையும் எரிந்தால் அங்கே மட்டும் கோணம் மாறுகிறது என்று அர்த்தம். அரை நிமிடம் விட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் தோல் வறண்டு இழுக்கும்.

கார்ட்ரிட்ஜ்

1971-ல் ஜில்லெட் இரட்டை பிளேடு கொண்டுவந்தது, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. தலை தானே வளைந்து கொடுப்பதால் கோணத்தைப் பற்றிக் கவலையில்லை. வெட்டுக்காயம் அரிது. இந்த வசதியை மறுக்க முடியாது. பழகாத கைக்கும் அவசரத்துக்கும் இதுதான் பத்திரம்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஐந்து பிளேடு ரேசரை ஒரே இடத்தில் மூன்று முறை இழுத்தால் பதினைந்து விளிம்புகள் அந்தத் தோலைக் கடந்திருக்கின்றன. அதோடு, முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்க, அது உள்ளே போவதற்குள் அடுத்தது அறுக்கிறது. வெட்டிய முனை தோலுக்குக் கீழே போய்ப் பதுங்கும். அந்த வழவழப்பின் ரகசியமே இதுதான். நேரான முடி என்றால் தொல்லையில்லை. சுருள்முடி என்றால், கூராக வெட்டப்பட்ட முனை வளைந்து உள்ளேயே துளைச்சுவரைக் குத்தும், அல்லது வெளியே வந்து திரும்பித் தோலுக்குள் நுழையும். ஓரிரண்டு நாளில் கழுத்தில் அரிக்கும் பருக்கள். அப்போது யாரும் ரேசரை நினைப்பதில்லை, வெயில், வியர்வை என்று வேறு எதையோ சொல்வார்கள்.

ஷேவ் செய்யும்போதே கெடுகிறது என்பதற்கும் அறிகுறிகள் உண்டு. ஒரே இடத்தில் மூன்றாவது முறை இழுக்கத் தோன்றினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, இல்லையென்றால் இடுக்குகளில் முடி அடைத்திருக்கிறது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ஓடும் நீரில் அலசாவிட்டால் அடைக்கத்தான் செய்யும். பல நாள் தாடிக்கு இது லாயக்கில்லை. முதலில் டிரிம்மரால் குறைத்துவிட வேண்டும்.

சவரக்கத்தி, ஷேவெட்

தீட்டும் சவரக்கத்தியில் கெடுவது பாதி கத்தியிலேயே தொடங்கிவிடும். ஷேவுக்கு முன் தோல்வாரில் முப்பது நாற்பது முறை இழுக்காத கத்தி வெட்டாது, பிடுங்கும். இழுக்கும்போது விளிம்பு முன்னால் போனாலோ வாரே போச்சு. சவரக்கத்தி வடிவிலேயே பாதி பிளேடு மாட்டும் ஷேவெட்டில் தீட்டும் வேலை இல்லை, ஆனால் விளிம்பு இரக்கமில்லாதது. கோணம் சற்று நிமிர்ந்தாலே தோல் போகும். இன்னொருவர் கையால் செய்துகொள்வதென்றால் புது பிளேடு கண்ணெதிரே மாட்டப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியே பரவுபவை.

எதற்கு எது

மூன்றுக்கும் பொதுவான ஓட்டை, ஷேவுக்கு முன் முகத்தைத் தயார்படுத்துவது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறாத முடி கம்பி மாதிரி. கண்ணுக்குத் தெரியும் குமிழிகளோடு இருக்கும் நுரை காற்றுதான், வழுக்காது. நுரையில்லாத தோலில் 'இந்த ஒரு இடம் மட்டும்' என்று போடும் கடைசி இழுப்புதான் பல ஷேவ்களைக் கெடுக்கிறது.

எரிச்சல் உடனே வந்து ஓரிரு நாளில் போகிறவர்கள் எதை வைத்திருந்தாலும் அதிலேயே கையைத் திருத்திக்கொள்ளலாம். பருக்கள் தாமதமாக வருகிறவர்கள் கார்ட்ரிட்ஜை விட்டு ஒற்றை பிளேடுக்கு மாறி, முடியின் போக்கில் ஒரே ஒரு சுற்றோடு நிறுத்துவது நல்லது. போக்கு தெரியவில்லையென்றால் இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பாருங்கள்; உராயாமல் வழுக்கிப் போகும் திசைதான் அது. கழுத்தில் பலருக்கும் அது பக்கவாட்டில் ஓடும். அப்படியும் அடங்காவிட்டால் சவரத்தையே குறைந்தது நான்கு வாரம் நிறுத்தி, அதன்பின் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது எந்த பிளேடையும்விட மேல்.

முடியைச் சுற்றிச் சீழ் கட்டினாலோ, சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, செதிலோடு வட்டமாகப் படர்ந்தாலோ பேச்சு ரேசரைத் தாண்டிவிட்டது. முதல் இரண்டும் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், மூன்றாவது பூஞ்சையாக இருக்கலாம். அவற்றின் மேல் பிளேடு வைக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.