பிஎம்ஐ ஸ்டடி ஹால்: பாடம் நடத்தாது, பழக்கிவிடும்

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி (PMP) சான்றிதழ்த் தேர்வை நடத்தும் பிஎம்ஐ (PMI) நிறுவனமே விற்கும் பயிற்சித் தளம்தான் ஸ்டடி ஹால். எசென்ஷியல்ஸ், பிளஸ் என்று இரண்டு வகை. முழுநீள மாதிரித் தேர்வு எசென்ஷியல்ஸில் இரண்டு, பிளஸில் ஐந்து. தனிப் பயிற்சிக் கேள்விகள், பதினைந்து கேள்விகள் கொண்ட குறுந்தேர்வுகள், கலைச்சொல் அட்டைகள் எல்லாம் இரண்டிலும் கிடைக்கும். பெரும்பாலானோருக்கு எசென்ஷியல்ஸ் போதும். இரண்டு முழுத் தேர்வு எழுதி, தவறுகளை அலசிய பிறகும் நேரம் கைக்குள் வரவில்லை என்றால் மட்டும் பிளஸ் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று: இது பாடம் நடத்தாது. விண்ணப்பத்துக்குத் தேவையான 35 மணி நேர வகுப்புக் கணக்கிலும் இது சேராது. பிஎம்ஐயின் தொடக்கநிலைச் சான்றிதழான கேப்எம் (CAPM) வைத்திருப்பவர்களுக்கு அந்த 35 மணி நேரம் தேவையில்லை. மற்றவர்கள் தனியாக ஒரு பயிற்சி வகுப்பை முடித்தே ஆகவேண்டும். அதை முடிக்காமல் நேராகக் கேள்விகளில் இறங்கினால், ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்றின் முடிவில் குழு தன் வேலைமுறையை அலசும் ரெட்ரோவுக்கும், முடித்த வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ரிவ்யூவுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே விடைகளை மனப்பாடம் செய்வதில் போய் முடியும். சந்தாவுக்குக் கால வரம்பும் உண்டு. வகுப்பு முடிந்து, தேர்வுத் தேதியும் ஓரளவு முடிவான பிறகு வாங்குவதே காசுக்கு நல்லது.

இதன் உண்மையான பலம் கேள்விகளின் நடை. வேறு பல மாதிரித் தேர்வுகளில் விடை பளிச்சென்று தெரிந்துவிடும். இங்கே நான்கில் இரண்டை எளிதாகத் தள்ளிவிடலாம். மீதி இரண்டும் சரி போலவே நிற்கும். உண்மைத் தேர்வும் அப்படித்தான். ஓர் உதாரணம்: வேலை பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் புதிய அம்சம் ஒன்று கேட்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்? திட்டம் முழுவதும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட முறை என்றால், அந்த மாற்றத்தால் செலவும் காலமும் எவ்வளவு கூடும் என்று ஆராய்வது முதல் வேலை. மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் போவது அதற்குப் பிறகு. சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் முறை என்றால், எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர் அதை பேக்லாக் எனும் வேலைப் பட்டியலில் சேர்த்து முன்னுரிமை முடிவு செய்வார். கேள்வியில் எந்த முறை என்று ஒரே ஒரு சொல் குறிப்புக் காட்டியிருக்கும். அந்தச் சொல்லைத் தவறவிட்டால் எவ்வளவு படித்திருந்தும் பயனில்லை. ‘முதலில்’, ‘அடுத்து’, ‘செய்திருக்க வேண்டியது’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளைக் கேட்கின்றன என்பதும் இந்தப் பயிற்சியில்தான் பழகும்.

குறை எங்கே என்றால், ‘எக்ஸ்பர்ட்’ என்று முத்திரை குத்திய கேள்விகளில். சிலவற்றில் விளக்கத்தைப் படித்த பிறகும் ‘ஏன் இது?’ என்ற கேள்வி மிஞ்சும். ஓரிடத்தில் சொன்ன தர்க்கம் இன்னோரிடத்தில் செல்லாது. பலர் மனமுடைந்து தேர்வைத் தள்ளிப்போடுவது இந்தக் கேள்விகளால்தான். எனவே மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். குறுந்தேர்வில் 15க்கு 8 வந்தால் 53 சதவீதம், பயமாக இருக்கும். அதில் எக்ஸ்பர்ட் ஐந்து, சரியானது ஒன்று என்றால், மீதி பத்தில் ஏழு சரி. உங்கள் தயாரிப்பைக் காட்டும் எண் அந்த 70தான். பிஎம்ஐ தேர்ச்சி மதிப்பெண் எதையும் வெளியிடுவதில்லை. முடிவும் ‘இலக்குக்கு மேல்’, ‘இலக்கில்’, ‘இலக்குக்குக் கீழ்’, ‘முன்னேற்றம் தேவை’ என்றுதான் வரும். ஆகவே ஸ்டடி ஹாலில் இத்தனை சதவீதம் எடுத்தால் பாஸ் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே எழுத்தில் குறியுங்கள்: கருத்தே தெரியாதது ‘க’, அவசரமாகப் படித்தது ‘அ’, இரண்டில் ஒன்றை மாற்றித் தேர்ந்தது ‘மா’. ‘க’ அதிகம் என்றால் புத்தகத்துக்குத் திரும்புங்கள், கேள்வி போடுவதை நிறுத்துங்கள். ‘மா’ அதிகம் என்றால் விளக்கங்களைப் படியுங்கள், சரியாகப் போட்ட கேள்விகளின் விளக்கத்தையும் சேர்த்து. குருட்டாம்போக்கில் சரியானவை அங்கேதான் மாட்டும்.

முழுநீளத் தேர்வை இரண்டு மூன்று நாளாகத் துண்டு போட்டு எழுதுவது பணத்தை வீணடிப்பது. பிஎம்பி தேர்வின் 2021 ஜனவரியில் வந்த வடிவத்தில் 180 கேள்விகள், 230 நிமிடம். ஒரு கேள்விக்குச் சுமார் 77 நொடி. 60, 120ஆம் கேள்விகளுக்குப் பிறகு பத்துப் பத்து நிமிட இடைவேளை. இடைவேளைக்குப் போய்விட்டால் முந்தைய பகுதிக்குத் திரும்ப முடியாது. முதல் அறுபது முடியும்போது கடிகாரத்தில் 154 நிமிடமாவது, அடுத்த அறுபது முடியும்போது 77 நிமிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பகுதியிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தைக் கரைத்துவிட்டு, கடைசி முப்பது கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதுதான் வழக்கமான விபத்து.

கணக்கு விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். முடிந்த வேலையின் மதிப்பைச் செலவோடு ஒப்பிடும் ‘ஈட்டிய மதிப்பு’ (earned value) சூத்திரங்களைத் தாளில் தனியாகப் போட்டுப் பழக வேண்டும். மொத்த பட்ஜெட் 10 லட்சம், முடிந்த வேலையின் மதிப்பு 4 லட்சம், செலவு 5 லட்சம் என்றால் செலவுத் திறன், அதாவது மதிப்பைச் செலவால் வகுத்தது, 0.8. இதே வேகத்தில் போனால் முடிவில் 12.5 லட்சம் ஆகும். இதை முப்பது நொடியில் போட வந்தால் போதும். செலவுத் திறன் ஒன்றுக்குக் கீழே போனால் என்ன அர்த்தம் என்பதைத்தான் கேள்விகள் அதிகம் சுற்றிவரும்.

இன்னொன்று, பாடத்திட்டம். 2021 வடிவத்தில் மனிதர்கள் 42, செயல்முறை 50, வணிகச் சூழல் 8 சதவீதம். 2026 ஜூலைக்கென அறிவித்த புதிய வடிவத்தில் வணிகச் சூழல் 26 சதவீதம். உங்கள் தேர்வுத் தேதி எந்த வடிவத்தில் விழுகிறது, சந்தாவில் உள்ள கேள்விகள் எதற்கானவை என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். நண்பரிடமிருந்து வாங்கிய பழைய கேள்வித் தொகுப்பு இங்கே கைகொடுக்காது.

கடைசி முழுத் தேர்வை அசல் தேர்வுக்கு நான்கு நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் எழுதினால் தவறுகளை அலச நேரமிருக்காது, பதற்றம்தான் மிஞ்சும்.