செட்டிநாட்டிலிருந்து ஒரு விண்வெளிக் கதை: ஃபவுண்டேஷன் வழியா, டியூன் வழியா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து அறிவியல் புனைகதை எழுத நினைப்பவர்களுக்குக் கருவுக்குப் பஞ்சமே கிடையாது. கடல் கடந்த வட்டித் தொழில், கூடவே போன முருகன் கோயில், போரில் பறிபோன சொத்து என்று எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவைதான். இந்த வரலாற்றை வேறொரு கிரகத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் தயக்கம் வருகிறது. நம் முன்னால் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன: ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்', ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'.

அசிமோவ் எடுத்துக்கொண்டது ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாறு. அதைப் பால்வெளி அளவுக்குப் பெரிதாக்கினார். தொடரின் முதல் கதை அச்சானது 1942 மே மாதம். அதே ஆண்டு மார்ச்சில் ரங்கூனும் மே முதல் தேதி மாண்டலேயும் ஜப்பானியர் கைக்குப் போயின. பேரரசு சரியும் அவர் கதை அமெரிக்காவில் அச்சாகிக்கொண்டிருந்தபோது, பர்மாவில் வட்டித் தொழில் செய்த நம் செட்டியார்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் திரும்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

கதை இதுதான். டெர்மினஸ் என்ற ஒதுக்குப்புறக் கிரகத்திடம் படை கிடையாது, அணுசக்தி அறிவு மட்டும் உண்டு. அந்த அறிவை அக்கம்பக்கத்து அரசுகளுக்கு மதமாக்கிக் கொடுக்கிறது. உலையை இயக்குகிறவர் பூசாரி. முரண்டு பிடித்தால் விளக்கு அணையும். மதம் நுழைய முடியாத இடங்களுக்கு அப்புறம் வணிகர்கள் போகிறார்கள். ஹோபர் மாலோ என்ற வணிகர், கோரெல் நாட்டோடு மூண்ட போரைச் சரக்கு வரத்தை நிறுத்தியே ஜெயிக்கிறார். வீட்டுச் சாமான்களும் ஆலை இயந்திரங்களும் ஒவ்வொன்றாகப் பழுதாக, கோரெல் பணிந்துவிடுகிறது.

கோயிலும் வணிகமும் சேர்ந்தே வருவதால், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் கதைக்கு இது அப்படியே பொருந்தும் என்றுதான் முதலில் தோன்றும். உட்கார்ந்து யோசித்தால் பொருந்தவில்லை. டெர்மினஸின் தலைவர்கள் தாங்கள் பரப்பும் மதத்தை நம்புவதே இல்லை. அது அவர்களுக்கு வெறும் கருவி. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி அந்தந்த நேரத்துக்கான நடப்பு வட்டி விகிதத்தை முடிவு செய்த செட்டியார்களோ, அங்கிருந்த முருகனை மனசார நம்பியவர்கள். மகமை என்று சாமிக்கு எடுத்து வைத்த பணத்தில் நடிப்பு எதுவும் கிடையாது. பக்தியும் பேரேடும் ஒரே கையில் இருந்த இந்த மனநிலைக்கு அசிமோவிடம் இடம் இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடன் வாங்கியவன் ஃபவுண்டேஷனில் எங்கே? கோரெல் மக்கள் வாடிக்கையாளர்களாக மட்டுமே வந்துபோகிறார்கள். பர்மாவில் நடந்தது வேறு. 1930-களில் நெல் விலை சரிந்து விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கைமாறின. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம். 1937-க்குள் அது 25 சதவீதமானது. அந்த நிலத்தை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்று நம் பக்கம் சொல்வார்கள். அது உண்மைதான். நிலத்தை இழந்தவனின் வயிற்றெரிச்சலும் உண்மைதான். மாலோவின் வணிகம் நோகாமல் ஜெயிக்கிறது. நம் வரலாறு 1948-இன் நில நாட்டுடைமைச் சட்டத்தில் போய் முட்டியது.

சரி, டியூன். 1965-இல் நூலாக வந்த இதற்கு ஹெர்பர்ட் எடுத்துக்கொண்டவை அரபுப் பாலைவனம், மஹ்தி என்ற மீட்பர் வருவார் என்ற இஸ்லாமிய நம்பிக்கை, ரஷ்யப் பேரரசை 1859 வரை எதிர்த்து நின்ற காகசஸ் இமாம் ஷாமிலின் போர். ஒரு காட்சி போதும். பாலைவனக் கிரகத்து மக்களின் தலைவன் ஸ்டில்கர், அந்தக் கிரகத்தை ஆள வந்த பிரபுவைப் பார்க்க வந்த இடத்தில் மேசை மேல் துப்புகிறான். சுற்றி நிற்பவர்கள் கொதிக்கிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவன் மட்டும், உடம்பின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்ததற்கு நன்றி சொல்கிறான். குடிநீர் ஊருணியில் கால் வைக்கக்கூடாது என்று அதட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மதத்தை ஹெர்பர்ட் கையாளும் விதம்தான் என்னை அவர் பக்கம் இழுக்கிறது. மீட்பன் வருவான் என்ற வாக்கை ஒரு பெண்கள் சபை தன் வசதிக்காக எப்போதோ விதைத்துவிட்டுப் போகிறது. அந்தப் பிரபுவின் மகனும் கதாநாயகனுமான பால் (Paul) அதைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைக்கிறான். பிறகு அவனாலேயே அதை நிறுத்த முடியவில்லை. 1969-இல் வந்த அடுத்த பாகத்தில், அவன் பெயரால் நடந்த போரில் செத்தவர்கள் கணக்கு 6,100 கோடி. விதைத்தவர்களுக்கும் அடங்காத நம்பிக்கை இது. டெர்மினஸ் பூசாரிகளோடு ஒப்பிட்டால், மதம் மனிதர்களை என்ன செய்யும் என்று ஹெர்பர்ட்டுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கிறது.

டியூனிலும் எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் தலைவன் வெளியிலிருந்து வந்த பிரபு மகன். அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடுத்துக்கொள்ளத் தேவையும் இல்லை. 1930 டிசம்பரில் பர்மாவின் தராவடி மாவட்டத்தில் கிளர்ச்சியைத் தொடங்கிய சாயா சான் முன்னாள் பிக்கு, நாட்டு வைத்தியர். பௌத்தர்கள் எதிர்பார்த்திருந்த அரசன் என்று தன்னை அறிவித்து முடிசூட்டிக்கொண்டார். வரியிலும் கடனிலும் மூழ்கிய விவசாயிகள் பின்னால் போனார்கள். 1931 நவம்பரில் ஆங்கில அரசு அவரைத் தூக்கிலிட்டது. ஹெர்பர்ட் பாலைவனத்தில் தேடிய மீட்பன், மண்ணின் மகனாகவே, நம் கடை வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறார். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் செட்டியார் கடைக்கு வேலைக்குப் போன ஒரு பெட்டியடிப் பையனையும் அந்த மீட்பனை நம்பிய ஒரு விவசாயியையும் எதிரெதிரே நிறுத்தி, இருவரின் சாமிக்கும் சம மரியாதை கொடுத்து, ஏதோ ஒரு கிரகத்தில் யாராவது எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.