சூரியகாந்தி நாடா: அணியலாமா, வேண்டாமா?

லண்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள், விமான நிலையத்தில் கொடுக்கும் சூரியகாந்திப் பூப் போட்ட அந்தப் பச்சைக் கழுத்து நாடாவை வாங்கி மாட்டலாமா, மாட்டினால் பிள்ளையை நாமே நாலு பேரிடமிருந்து பிரித்துக் காட்டியதாக ஆகிவிடாதா என்று என்னிடம் கேட்பதுண்டு. 17 வயதாகும் என் மகன் சில ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருவதால், அவனும் நானும் கண்டதை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், ஆனால் அணிவதும் கழற்றுவதும் அணிபவரின் விருப்பத்தில் இருக்கட்டும், நாடாவோடு அதில் தொங்கவிடும் அட்டையையும் சேர்த்தே வாங்குங்கள்.

சூரியகாந்தி நாடா 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. பார்த்தவுடன் வெளியே தெரியாத குறைபாடு உள்ள பயணியை ஊழியர்கள் எப்படி அறிந்துகொண்டு உதவுவது என்ற கேள்விக்கு விடையாக, பச்சைத் துணியில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள் அச்சிட்ட கழுத்து நாடாவை அங்கே அறிமுகப்படுத்தினார்கள். பிறகு பிரிட்டனின் மற்ற விமான நிலையங்கள், ரயில் நிறுவனங்கள், டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் போன்ற பெரிய கடைகள் என்று பரவி, இன்று பல நாடுகளில் புழங்குகிறது; இந்தியாவில் பெங்களூரு விமான நிலையத்திலும் உண்டு. விமான நிலைய உதவி மேசையில் கேட்டால் இலவசமாகத் தருகிறார்கள். மருத்துவச் சான்று கேட்பதில்லை. என்ன குறை என்று விசாரிப்பதும் இல்லை.

இது வரிசையைத் தாண்டிப் போவதற்கான அனுமதிச் சீட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இதில் கிடையாது. அணிந்திருப்பவருக்குச் சற்றுக் கூடுதல் நேரமோ, பொறுமையோ, உதவியோ தேவைப்படலாம் என்ற செய்தி மட்டுமே இதில் இருக்கிறது. கூடவே நடந்து வந்து விமானம் வரை அழைத்துப் போக ஆள் வேண்டுமென்றால், 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த உதவி சட்டப்படி கிடைப்பது, அதற்கும் கட்டணம் இல்லை.

பொருளைப் பற்றிச் சொல்வதானால், துணி உறுதியானது. துவைத்தாலும் பூக்களின் நிறம் போகவில்லை. பின்கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. எங்காவது மாட்டி இழுபட்டால் அது தானாகவே விட்டுக்கொள்ளும் என்பதால் கழுத்து இறுகும் என்ற பயம் இல்லை. ஆனால் ஓரத் தையல் சொரசொரப்பானது. தொடுவுணர்வு கூர்மையாக உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்த பொருளில் இந்தக் குறை இருக்கவே கூடாது. என் மகன் சட்டைக் காலருக்கு மேலாகப் போட்டுக்கொள்கிறான். காலர் இல்லாத டி-ஷர்ட் அணியும் நாளில் மணிக்கட்டில் மாட்டும் பட்டைக்கு மாறிவிடுகிறான். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜும் கிடைக்கிறது. கழுத்தில் எதுவும் படப் பொறுக்காதவர்களுக்கு அதுவே நல்லது.

உண்மையில் மதிப்புள்ளது நாடாவில் தொங்கும் அட்டைதான். சிறு தொகை கொடுத்து வாங்க வேண்டிய அந்த அட்டையில் படத்தையும், தேவைகளை விளக்கும் சில வரிகளையும் சேர்க்கலாம். என் மகன் தன் அட்டைக்கான வரிகளைத் தானே எழுதினான்: "என்னிடமே பேசுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். தொடுவதற்கு முன் சொல்லுங்கள்." ஆட்டிசம் என்ற பெயரை அவன் அதில் சேர்க்கவில்லை. கல்லூரியில் அதைத் தயக்கமில்லாமல் சொல்கிறவன்தான். பெட்டியைச் சோதிக்கும் ஊழியருக்குத் தன் நோயறிதல் தேவையில்லை, தன்னை எப்படி நடத்த வேண்டும் என்பதுதான் தேவை என்று விளக்கினான். நாடாவும் அதே வழியில் செல்கிறது: அது ஆட்டிசம் என்று எங்கும் சொல்வதில்லை. மறதி நோய் உள்ள தாத்தாவும், வலிப்பு உள்ள பெண்ணும், என் மகனும் ஒரே பூவை அணிந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று உலகத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு இதில் இல்லை. இதை வடிவமைத்தவர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு இதுவென்று நினைக்கிறேன்.

சென்னையில் என் அம்மா இதை முதன்முதலில் பார்த்தபோது, "நல்லாத்தானடி இருக்கான், எதுக்கு ஊருக்கெல்லாம் தெரியிற மாதிரி கழுத்துல மாட்டி விடுற?" என்று வருத்தத்தோடு கேட்டார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். பெயர் வைத்துவிட்டால் பிள்ளையைப் பார்க்காமல் பெயரையே பார்ப்பார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஆனால் பெயரே வேண்டாம், எல்லோரும் மனிதர்கள்தானே என்று சொல்லிவிட்டால் மட்டும் என்ன மாறிவிடுகிறது? ஒலிபெருக்கி அறிவிப்புகளின் நடுவே காதைப் பொத்திக்கொண்டு நிற்பவனை அடக்கமில்லாதவன் என்றும், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாதவனைத் திமிர் பிடித்தவன் என்றும் அழைப்பார்கள். நாம் பெயர் வைக்காவிட்டால் மற்றவர்கள் வைத்துவிடுவார்கள், அதுவும் மோசமான பெயராக.

இதைப் பற்றிய இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் கிராம்டனும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் தமக்கு அடுத்தவருக்குச் சொல்ல, இப்படி ஒரு வரிசை முழுவதும் கடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசைக்கு இணையாகவே கதையைக் கொண்டு சேர்த்தது. இரு தரப்பாரும் கலந்த வரிசையில்தான் அதிகம் தவறிப்போனது. இதையே விரிவாக்கி 311 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தபோது, கலந்த வரிசைக்கும் மற்ற வரிசைகளுக்கும் இடையே அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் யாருக்கு ஆட்டிசம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை முன்பே தெரிவித்தபோது எல்லா வகை வரிசைகளிலும் பங்கேற்றவர்களிடையே இணக்கம் கூடியது. இரு தரப்புக்கும் இடையிலான சுவர் நாம் நினைத்த அளவு கனமானது இல்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுவது அதை மேலும் இளக்குகிறது என்றே இந்த இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்கிறேன். நாடாவுக்கு ஆதரவாக என்னிடம் உள்ள வலுவான காரணமும் இதுதான்.

இனி குறைகள். ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில், அட்டையை மாட்டும் கொக்கி உலோகம் என்பதால் நாடாவைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். நாடா பெல்ட்டின் மேல் ஒரு பக்கம் போக, மகன் கருவியின் வழியாக இன்னொரு பக்கம் போனான். அந்தப் பக்கம் நின்றிருந்த அலுவலர் நாடாவைப் பார்த்தவரே இல்லை. வழக்கம்போல முன்னறிவிப்பு இல்லாமல் தோளைத் தொட்டுச் சோதிக்கத் தொடங்கினார். மகன் விலகினான், குரல்கள் உயர்ந்தன, நான் எட்ட நின்று தட்டைக் காட்டிக் கத்த வேண்டியதாயிற்று. எந்த இடத்தில் அடையாளம் மிக அவசியமோ சரியாக அந்த இடத்தில் அது உடம்பில் இருப்பதில்லை. கொக்கியைப் பிளாஸ்டிக்கில் செய்வதும், சோதனை முடியும்வரை நாடாவைக் கையில் வைத்திருக்க விடுவதும் பெரிய செலவுள்ள மாற்றங்கள் அல்ல. அதற்குப் பிறகு நாங்கள் வரிசையில் நிற்கும்போதே அட்டையை அலுவலரிடம் நீட்டிப் படிக்கச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று இதைவிட ஆழமானது. நாடாவைக் கண்டதும் சில ஊழியர்கள் அவனை விட்டுவிட்டு என்னிடம், "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள், அல்லது அவனிடமே, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, சிறு குழந்தையிடம் பேசுவதுபோல உரக்கப் பேசுகிறார்கள். என் மகன் ஏ லெவலில் (நம்மூர் பிளஸ் டூவைப் போன்றது) இயற்பியல் படிக்கிறான். ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதைப் போல, புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் இரு பக்கமும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியாததைப் போலவே மற்றவர்களுக்கும் அவர்களைப் புரிவதில்லை. நாடா ஒரு பக்கத்துக்காரரை மட்டுமே அடையாளம் காட்டுகிறது. எதிர்ப்பக்கம் நிற்பவருக்குப் பயிற்சி கொடுக்காத நிறுவனம், மேசையில் சூரியகாந்தி ஒட்டி வைப்பதால் பயனில்லை. பயிற்சி உள்ள இடத்தில் அனுபவம் முற்றிலும் வேறு: கேட்விக்கில் ஓர் ஊழியர் அட்டையைப் படித்துவிட்டு, கேள்வியைக் கேட்டுப் பேசாமல் காத்திருந்தார். அவனும் பதில் சொன்னான். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

எல்லா ஆட்டிசம் குடும்பங்களுக்கும் இது ஒரே அளவு உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆஸ்பெர்கர் உள்ளிட்ட தனித்தனி நோயறிதல் பெயர்களை ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு நன்மைகள் கிடைத்தன. ஆனால் பேச்சு வராத, இரவும் பகலும் துணை தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர், ஒரே பெயருக்குள் தங்கள் பிள்ளைகள் மறைந்துபோகிறார்கள் என்று சொல்லி வருகிறார்கள். 2021இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் அத்தகையவர்களுக்கென்று தனிப் பெயரைப் பரிந்துரைத்தது. அதை எதிர்த்தவர்களும் நிறையப் பேர். அந்தப் பெற்றோரின் கவலை நியாயமானது. எல்லோருக்கும் ஒரே பூ என்ற ஏற்பாட்டில், எவ்வளவு உதவி தேவை என்பதைச் சொல்ல வழியே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையோடு பயணம் செய்கிறவர்கள் நாடாவை நம்பிப் புறப்படாமல், உதவியாளரை முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும்.

சான்று கேட்காததால் தவறாகப் பயன்படுத்துவார்களே என்பதும் உண்மையே. 2020இல் முகக்கவச விலக்குக்காகத் தேவையில்லாதவர்கள்கூட அணிந்தார்கள், இணையத்தில் போலிகள் விற்றன. ஆயினும் சான்று கேட்கத் தொடங்கினால், நோயறிதலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். அதனால் இப்போதைய ஏற்பாடே இருக்கட்டும் என்பேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதற்காக அரசு தரும் யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் குறைபாட்டின் வகையும் விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கும். சலுகைகளுக்கும் உதவித்தொகைக்கும் அது கட்டாயம் வேண்டும், தயங்காமல் வாங்கி வையுங்கள். சூரியகாந்தி நாடா அதற்கு மாற்று ஆகாது. அரசு அலுவலகத்தில் இதற்கு மதிப்பும் இல்லை. ஊரில் கடைக்காரருக்கோ ஆட்டோ ஓட்டுநருக்கோ அந்தப் பூவின் பொருள் தெரியாது என்பதால், என் மகன் அட்டையின் பின்பக்கத்தில் அந்த மூன்று வரிகளையும் தமிழில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். அத்தை மகளின் கல்யாணத்துக்குப் போனபோது அதைச் சட்டைப் பைக்குள்தான் வைத்திருந்தான். கெட்டிமேளத்தின்போது எழுந்து வெளியே போனவனைத் தடுத்து என்னவென்று கேட்ட பெரியவரிடம் மட்டும் எடுத்துக் காட்டினான்.