ஆறு வருடம் பைத்தானும் சங்கப் பாட்டும்: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொடங்கிய வேலை இது. பகலில் எனக்கு மென்பொருள் சோதனை வேலை. இரவில் சங்கப் பாடல்களைக் கணினியில் ஏற்றி எண்ணிப் பார்ப்பேன். யானை எந்தத் திணையில் அதிகம் வருகிறது, கபிலருக்கு என்று ஒரு நடை இருக்கிறதா என்பது போன்ற சில்லறைக் கேள்விகள்தான். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இன்றுவரை யானைக்கு மட்டும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது.

மூலப் பாடத்துக்குப் பஞ்சமில்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்காவிட்டால், என்னைப் போன்றவர்கள் முதல் படியிலேயே நின்றிருப்போம். சிக்கல் அடுத்த படியில் வந்தது.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று, நான் நிரல் எழுதும் மொழியான பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. நமக்கு த, மி, ழ் என்று மூன்றே எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் கொடுத்திருப்பதால் இந்தக் கணக்கு. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொற்களைப் பிரிக்கப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைத் தேடும் குறிவிதி), உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அதில் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகிவிடும். பைத்தானுக்கான சைகிட்-லேர்ன் தொகுப்பில் உள்ள சொல் எண்ணும் கருவியை எதையும் மாற்றாமல் ஓட்டினால், ஒற்றை எழுத்துத் துண்டை அது தள்ளியும் விடும். மிஞ்சுவது 'தம'. அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டி, சமூக ஊடகங்களில் சுற்றும் சொல்மேகப் படங்களில் கொம்பும் காலும் இழந்த எழுத்துகள் மிதப்பதற்கும் இதுதான் காரணம். எழுத்தாக எண்ண ஓப்பன்-தமிழ் லைப்ரரி, சொல்லாகப் பிரிக்க வெறும் இடைவெளி. இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

அப்புறம் ஔவையார். புலவர் பட்டியலை எடுத்தபோது அவர் இரண்டு பேராக வந்தார். சங்க நூல்களில் அவர் பெயரில் 59 பாட்டு உண்டு. சில கோப்புகளில் ஔ என்ற ஒரே எழுத்தாகவும், சிலவற்றில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவும் தட்டியிருந்ததால் பாட்டுகள் இருவருக்கும் பங்காகிவிட்டன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் வழக்கமான சீராக்கமும் இதைத் திருத்தாது, நாமேதான் மாற்ற வேண்டும். இதே வகையில் இன்னொரு வில்லங்கம், 'எ' இருக்க வேண்டிய இடத்தில் '௭'. அது தமிழ் எண் ஏழு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

எழுத்துச் சிக்கல் எல்லாம் சளி மாதிரி, மருந்து உண்டு. சொல் சிக்கல் அப்படியல்ல. குறுந்தொகை 40ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

அச்சிட்டிருப்பது சீர் பிரித்து, அதாவது ஓசைக்கேற்ற துண்டுகளாக. கணினிக்கோ இடைவெளி விட்டால் சொல் முடிந்தது. 'கியரோ' ஒரு சொல், 'தனவே' ஒரு சொல் என்று பட்டியலில் ஏறிவிடும். இதிலும் கொடுமை, 'நீர்' என்று தேடினால் இந்தப் பாட்டு வராது. பெயல், நீர் இரண்டும் சேர்ந்து 'பெயனீர்' ஆனபோது நகரம் னகரமாகிவிட்டது. தமிழ் படித்த யாருக்கும் தெரிந்த நீர், என் நிரலின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அச்செடுத்த பட்டியலை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பதம் பிரிக்காம பாட்டுக்கு உரை சொல்ல முடியுமா? உங்க மெஷின் மட்டும் எப்படிச் சொல்லும்?" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பத்தி வைக்கிறேன், சீர் பிரித்தது ஒன்று, சொல் சொல்லாகப் பதம் பிரித்தது ஒன்று. ஏற்கெனவே முனைவர் ப. பாண்டியராஜா சங்க இலக்கியத்துக்குச் செய்து வைத்திருக்கும், ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் தொடரடைவு இருப்பதால் ஒவ்வொரு ஐயத்தையும் அதில் ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது. இந்த ஆறு வருடத்தில் நான் அதிகம் திறந்த பக்கம் அதுதான். அப்படியும் தகராறு வரும். 'செம்புலம்' ஒரு சொல்லா, இரண்டா? ஐயா ஒரு சொல் என்றார், எனக்கு 'புலம்' தனியே வேண்டும். கடைசியில் நடுவே ஒரு சிறு கோடு போட்டு இருவரும் சமாதானமானோம்.

சீர் பிரித்த பத்தியைத் தூக்கிப்போடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன். நல்லவேளை, போடவில்லை. சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை நேரிசை ஆசிரியப்பா. ஈற்றுக்கு முந்தைய அடியில் மூன்று சீர், மற்ற அடிகளில் நான்கு. மேலே உள்ள பாட்டில் 'செம்புலப் பெயனீர் போல' என்ற அடியைப் பாருங்கள். பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, இந்தக் கணக்குக்கு ஒத்துவராத அடிகளை மட்டும் காட்டச் சொன்னேன். தட்டச்சுப் பிழைகள் வரிசையாக வந்து நின்றன. சில அடிகள் பிழையே இல்லாமல் வேறு வகை ஆசிரியப்பாவாக இருக்கும், அவற்றை ஐயா பார்த்து ஒதுக்குவார். எனக்குக் கிடைத்ததிலேயே சிறந்த பிழைதிருத்தி யாப்பிலக்கணம்தான், காசும் கிடையாது.

நடையியல் ஆய்வில்தான் அதிகம் எதிர்பார்த்து அதிகம் ஏமாந்தேன். ஜான் பர்ரோஸ் 2002இல் சொன்ன டெல்டா முறை, அடிக்கடி வரும் சின்னச் சின்னச் சொற்களின் விகிதத்தை வைத்து எழுதியவரை அடையாளம் காண்பது. ஆர் என்ற நிரல் மொழியில் ஸ்டைலோ என்ற தொகுப்பு இதைச் சுலபமாகச் செய்துகொடுக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொற்கள் தனியே நிற்கின்றன. நம்மிடம் உம், ஏ, ஓ, வேற்றுமை உருபு எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கின்றன. அதனால் சொல்லை விட்டு மூன்றெழுத்துத் தொடர்களை எண்ணினேன். அகமும் புறமும் அழகாகப் பிரிந்தன. அம்மூவனார் நெய்தல் பாட்டுகளோடு போய் ஒட்டிக்கொண்டார். அவர் பாடியது பெரும்பாலும் நெய்தல், புன்னையும் கானலும் சேர்ப்பனும் வந்தால் வேறு எங்கே ஒட்டுவார்? கபிலரைக் கண்டுபிடிக்கப் போய்க் குறிஞ்சியைக் கண்டுபிடித்துத் திரும்பினேன். குறுந்தொகைப் பாட்டு நாலு முதல் எட்டு அடிதான். அவ்வளவு சிறிய துணியை வைத்துத் தையல்காரரைச் சொல்ல முடியாது. 2022க்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இலக்கணக் குறியீடு போடும் ஸ்டான்சா என்ற மென்பொருளையும் முயன்றேன். அதன் தமிழ் மாதிரிக்கு அடிப்படை 600 செய்தி வாக்கியங்கள் கொண்ட ஒரு மரவங்கி, அதாவது இலக்கணம் குறித்துவைத்த வாக்கியத் தொகுப்பு. இன்றைய உரைநடைக்கு ஓரளவு கைகொடுக்கும், 'கேளிர்' வந்தால் திணறும். அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

உரையாடும் செயற்கை நுண்ணறிவைப் பதம் பிரிக்க மட்டும் வைத்திருக்கிறேன். தெரிந்த பாட்டென்றால் நன்றாகவே பிரிக்கிறது. ஒருமுறை சான்று கேட்டதற்கு இரண்டு அடி கொடுத்தது. வாசித்தால் சங்கத்தமிழ் மணம். தொடரடைவில் தேடினால் எங்கும் இல்லை. என் சீர் நிரலில் அந்த அடிகள் பாஸ் ஆகிவிட்டன என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, யானை. 'யானை' என்று மட்டும் தேடினால் போதாது, களிறு, பிடி, வேழம் எல்லாம் வேண்டும். 'பிடி'யில் கையால் பிடிப்பதும் வந்து கலக்கும், அது எதிர்பார்த்ததுதான். எல்லாம் சேர்த்துத் திணைவாரியாக வரைபடம் போட்டபோது மருதத்தில் ஓர் இடத்தில் யானைகள் மந்தையாக நின்றன. வயலும் பொய்கையுமாக இருக்கிற மருதத்தில் இவ்வளவா? பெரிய கண்டுபிடிப்பு என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. காலையில் ஐயா வரைபடத்தைப் பார்த்தார், ஐங்குறுநூற்றை எடுத்து வேழப்பத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார். 11 முதல் 20 வரை பத்துப் பாட்டிலும் வேழம். ஆனால் அங்கே வேழம் என்றால் நீர்க்கரையில் வளரும் நாணல் வகை. பொருளைப் பார்க்காமல் எண்ணியதில் நாணல் காடு முழுக்க யானையாகிவிட்டது. இப்போது 'வேழம்' வரும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்தில் 'வி' அல்லது 'பு' என்று கையால் குறித்து வைக்கிறேன், விலங்கா புல்லா என்பதற்கு.

இப்போது நற்றிணையில் இருக்கிறேன். 400 பாட்டு என்று நம்பி எழுதிய நிரல் 234இல் நின்றுவிட்டது. அந்தப் பாட்டு நமக்குக் கிடைக்கவே இல்லை, 385இல் பிற்பகுதி இல்லை. 234க்கு வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டு மேலே போயிருக்கிறேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சீர் நிரல் அந்த எண்ணை மட்டும் பிழை என்று காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறது.