முதலில் ஆபரேஷனா, முதலில் கீமோவா? முற்றிய சினைப்பைப் புற்றுநோயில் நாங்கள் எடுத்த முடிவு

அம்மாவுக்கு அப்போது 67 வயது. இரண்டு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே போனது. வாயு என்றார்கள், அஜீரணம் என்றார்கள். கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சினைப்பையிலும் கட்டி, வயிறு நிறைய நீர், குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பு தடித்து அடைபோல ஆகியிருந்தது. இந்தப் புற்றில் கூடும் சி.ஏ.-125 என்ற ரத்த அளவு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மூன்றாம் நிலை, அதில் சி பிரிவு என்றார் டாக்டர்.

அன்று மாலையே தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம். "கட்டியை வயித்துக்குள்ளேயே வச்சுக்கிட்டு மருந்து ஏத்துறதா? முதல்ல வெட்டி எடுக்கச் சொல்லு அக்கா" என்றான் அவன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பல ஆண்டுகளாக மருத்துவ உலகமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் நாங்கள் கீமோவை முதலில் வைத்தோம். ஏன் என்பதை எழுதிவைக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

முதலில், இந்தக் கேள்வியே எழாதவர்கள். நோய் சினைப்பையைத் தாண்டாதவர்களுக்கு ஆபரேஷன்தான் முதல் படி, விவாதமே இல்லை. மெதுவாக வளரும் தாழ்தரக் கட்டி, சளி சுரக்கும் வகைக் கட்டி ஆகியவை கீமோவுக்கு அவ்வளவாக இளகாது. அங்கேயும் கத்திக்குத்தான் முன்னுரிமை. கீழே எழுதுவதெல்லாம் அதிகம் காணப்படும், வேகமாக வளரும் "உயர்தர சீரஸ்" வகை, வயிறு முழுவதும் பரவிய நிலை, அதற்கு மட்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவானவை அதிகம். மருந்து அதே பாக்லிடாக்ஸெல், கார்போபிளாட்டின். வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒன்றாக மொத்தம் ஆறு சுற்று. முதல் வழியில் ஆபரேஷன் முடிந்து ஆறும். இரண்டாவதில் மூன்று சுற்று, நடுவில் ஆபரேஷன், பிறகு மூன்று. முடி இரண்டிலும் கொட்டும், விரல் நுனி இரண்டிலும் மரத்துப்போகும். இதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது.

முடிவெடுக்க வைப்பது ஒன்றே ஒன்று: மிச்சம். ஆபரேஷன் முடிந்து வயிற்றைத் தைக்கும்போது உள்ளே கண்ணுக்குத் தெரிகிற நோய் எவ்வளவு பாக்கி என்பது. 1975-இல் கிரிஃபித்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதை அளந்து காட்டினார். மிச்சக் கட்டி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள், அதற்கு மேல் பாக்கி வைத்தவர்களுக்கு அந்த ஆபரேஷனால் பெரிய பயன் இல்லை. பிறகு அந்த அளவுகோல் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கியது. இன்று இலக்கு பூஜ்யம், கண்ணுக்கு எதுவுமே தெரியக் கூடாது. காரணமும் புரியக்கூடியதுதான். பெரிய கட்டியின் நடுவில் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து சரியாகப் போய்ச் சேராது. பிரியாமல் தூங்கும் செல்களும் அங்கே அதிகம். கீமோ தாக்குவதோ பிரிந்துகொண்டிருக்கும் செல்லை.

ஆக, பாதி எடுத்துப் பாதி விட்ட ஆபரேஷன் என்பது நோயாளிக்கு வெட்டுக்காயத்தின் சுமையை முழுசாகக் கொடுத்து, பலனை அரைகுறையாகக் கொடுப்பது. எங்கள் அறுவை மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் மறக்கவில்லை: "எடுத்துடலாம்னு சொல்வேன். மிச்சமில்லாம எடுத்துடலாம்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது." தம்பி முதல் பாதியைக் கேட்டான், நான் இரண்டாம் பாதியைக் கேட்டேன்.

இனி ஆராய்ச்சி. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 670 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் மிச்சத்தை ஒரு சென்டிமீட்டருக்குள் அடக்க முடிந்தது 41.6 சதவீதம் பேரிடம். கீமோவுக்குப் பிறகு போனவர்களில் 80.6 சதவீதம். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 29 மாதம், 30 மாதம், வித்தியாசம் இல்லை. 2015-இல் பிரிட்டனும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்திய கோரஸ் ஆய்வின் முடிவும் அதையே சொன்னது: 22.6 மாதம், 24.1 மாதம். ஆனால் அங்கே என்னை நிறுத்தியது வேறொரு எண். ஆபரேஷன் ஆகி 28 நாளுக்குள் இறந்தவர்கள் நேரடி வழியில் 14 பேர், கீமோ வழியில் ஒருவர். அம்மாவுக்கு ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தது, சாப்பாடு இறங்கவில்லை, கால் வீங்கியிருந்தது. அந்தப் பதினாலில் எந்த மாதிரி உடம்புக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என் தரப்பு வென்றதுபோலத் தோன்றும். அது நேர்மையாகாது. அதே எண்களில் என் தரப்பைக் குத்தும் முள் ஒன்று இருக்கிறது. கீமோவுக்குப் பிறகு மிச்சத்தை ஒரு சென்டிமீட்டருக்குள் அடக்குவது ஏறக்குறைய இரட்டிப்பு ஆகிறது, ஆனால் ஆயுள் கூடவில்லை. மிச்சம்தான் எல்லாம் என்றால் ஆயுளும் கூடியிருக்க வேண்டுமே? இதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: கீமோ இளகும் செல்களை அழித்துவிடுகிறது, இளகாதவை தழும்புக்குள் ஒளிந்துகொள்கின்றன. அறுவை மருத்துவர் பார்க்கும்போது இடம் சுத்தமாகத் தெரிகிறது. அதாவது, முதல் ஆபரேஷனில் கிடைக்கும் "மிச்சம் இல்லை" வேறு, நடு ஆபரேஷனில் கிடைக்கும் "மிச்சம் இல்லை" வேறு. முன்னதன் தரம் ஒரு படி மேல்.

2025-இல் முடிவு வெளியான டிரஸ்ட் ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. பழைய ஆய்வுகளில் அறுவைத் தரம் போதவில்லை என்ற குறை நெடுநாளாக இருந்தது. அதனால் இதில் தரம் சோதித்துத் தேர்ந்த மையங்கள் மட்டுமே கலந்துகொண்டன. 688 பெண்கள். நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களின் இடைநிலை ஆயுள் 54.3 மாதம், கீமோவுக்குப் பின் போனவர்களுக்கு 48.3 மாதம். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் மட்டும் உறுதியாகவே கூடியது, 22.1 மாதம், 19.7 மாதம். தம்பி கையில் இந்த ஆய்வு அன்று இருந்திருந்தால் வாக்குவாதம் இன்னும் நீண்டிருக்கும். 50 வயதுக்காரர், நடமாட்டம் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் சத்து இருக்கிறது, இந்த ஆபரேஷனையே தொழிலாகச் செய்யும் குழு கிடைத்திருக்கிறது என்றால், நான் இன்று தம்பி பக்கம் சாய்வேன். சாய்வேன் என்றுதான் சொல்ல முடியும், அப்படி ஒருவர் அருகில் இருந்து பார்த்த அனுபவம் எனக்கில்லை.

அப்படியானால் எங்கள் விஷயத்தில் ஏன் கீமோ? ஒப்பீட்டையே நாங்கள் வேறு மாதிரி போட்டோம். முதல் ஆபரேஷனில் மிச்சமில்லாமல் எடுப்பதையும் கீமோவுக்குப் பின் மிச்சமில்லாமல் எடுப்பதையும் பக்கத்தில் வைத்தால் முன்னதுதான் மேல். ஆனால் அம்மாவின் வயிற்றுக்கு அந்த முன்னது கிடைக்குமா? கிடைக்காவிட்டால் ஒப்பிட வேண்டியது மிச்சத்தோடு முடியும் முதல் ஆபரேஷனையும், மிச்சமில்லாமல் முடிய வாய்ப்புள்ள நடு ஆபரேஷனையும். அந்தக் கணக்கில் சந்தேகமே வரவில்லை.

கிடைக்குமா என்பதை வாய் வார்த்தையில் விடவில்லை. சிறு துளை வழியே கேமரா விடும் லேப்ரோஸ்கோப்பி வைத்து உள்ளே பார்த்தார்கள். இத்தாலிய மருத்துவர் ஃபகோட்டி வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு. உதரவிதானம், குடல், குடலைத் தாங்கும் சவ்வு, இரைப்பை, கல்லீரல் உட்பட ஏழு இடங்களைப் பார்த்து, நோய் பற்றியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. 8-ஐத் தொட்டால் சுத்தமாக எடுப்பது கடினம். அம்மாவுக்கு 10 வந்தது. குடலைத் தாங்கும் சவ்வு சுருங்கிப்போயிருந்ததுதான் பெரிய தடை, அதை வெட்டித் தள்ள முடியாது. இந்தச் சிறு சோதனையை வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு நெதர்லாந்து ஆய்வு ஒன்றைச் சொல்வேன். முன்கூட்டி லேப்ரோஸ்கோப்பி செய்தவர்களில் வீணாக வயிற்றைத் திறந்தது 10 சதவீதம், செய்யாதவர்களில் 39 சதவீதம். இரண்டு வழிகளில் எதை எடுத்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

கீமோவை முதலில் வைப்பதில் தொல்லைகளும் உண்டு. ஊசியில் கிடைத்த சின்னத் துணுக்கை நம்பித்தான் மருந்து தொடங்குகிறது, ஆகவே பயாப்சி பிசகினால் எல்லாம் பிசகும். வயிற்று நீரில் செல் பார்த்தால் போதும் என்று அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். குடலில் இருந்து வந்த புற்றும் இதே முகம் காட்டும், அதனால் சி.இ.ஏ. என்ற இன்னொரு ரத்த அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தது காத்திருப்பு. அந்த ஒன்பது வாரமும் அம்மா தினமும் கேட்டது ஒரே கேள்வி: "எப்பம்மா எடுப்பாங்க?" ஒவ்வொரு சுற்றுக்கும் சி.ஏ.-125 எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை வைத்து மருந்துக்கு நோய் இளகுகிறதா என்று கணிக்கும் கெலிம் என்ற கணக்கும் இருக்கிறது. எங்கள் டாக்டர் அதைப் போட்டுக் காட்டினார். இறங்கிய வேகம் நன்றாகவே இருந்தது, வயிற்று நீரும் இரண்டாம் சுற்றிலேயே வற்றியது. மூன்றாம் சுற்றுக்குள் அம்மா தட்டில் போட்டதைச் சாப்பிட ஆரம்பித்தார்.

காத்திருந்த காலம் வீணாகவில்லை. அதற்குள் பி.ஆர்.சி.ஏ. மரபணு ரிப்போர்ட் வந்தது, பிறழ்வு இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு கீமோ முடிந்தபின் ஓலபாரிப் மாத்திரை. 2018-இல் முதல் முடிவு வெளியான சோலோ-1 ஆய்வின் 2022 தொடர் முடிவில், அதைச் சாப்பிட்டவர்களில் ஏழு ஆண்டு கழித்து 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சாப்பிடாத குழுவில் 46.5 சதவீதம். இந்த மாத்திரையின் பலன் இரண்டு வழிக்கும் உண்டு, ஒப்பீட்டில் யாருக்கும் கூடுதல் மதிப்பெண் இல்லை. நடு ஆபரேஷனோடு வயிற்றுக்குள் சூடான மருந்தைச் சுற்றவிடும் ஹைபெக் முறைக்கும் 2018-இல் ஒரு நல்ல முடிவு வந்தது: 45.7 மாதம், அது இல்லாமல் 33.9. ஆனால் 245 பேர் மட்டுமே கொண்ட ஆய்வு அது. நாங்கள் கேட்டோம், எங்கள் குழு வேண்டாம் என்றது, வற்புறுத்தவில்லை.

மூன்றாம் சுற்று முடிந்து நாலாம் வாரம் ஆபரேஷன் நடந்தது. ஐந்தரை மணி நேரம். குடலை வெட்ட வேண்டி வரவில்லை, ஐ.சி.யு.வில் ஒரே ஒரு இரவு. வீடு திரும்பும்போது கையில் கொடுத்த காகிதத்தில் நான் தேடியது ஒரே வரி. இருந்தது: கண்ணுக்குத் தெரியும் மிச்சம் இல்லை.

மாத்திரை தொடங்கி இப்போது பதினாறு மாதம். மாதாமாதம் ஹீமோகுளோபின் பார்க்கிறோம், இரண்டு முறை அளவைக் குறைத்தார்கள். சி.ஏ.-125 இரட்டை இலக்கத்தில் கீழ்ப்பக்கமாகவே நிற்கிறது. தம்பி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "முதல்லயே பண்ணியிருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும்" என்றான். மதிப்பெண் 10 என்றேன். "பத்துதானே, பதினாலு இல்லையே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.